பூச்சாடிக்குப் பக்கத்தில் மேட்ரன்

சரிசெய்வோர் என்று ஓர் இனம் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் இவர்களுக்கென்று தனிக் கட்டம் கிடையாது. இருந்திருந்தால், அந்தக் கட்டம் கோணலாக அச்சாகியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்துத் திருத்திக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் இவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது முன்பின் தெரியாத ஆளின் காலரைப் பின்னாலிருந்து மடித்துவிடுபவர், பல் டாக்டரின் வரவேற்பறையில் மூன்று வருடத்துப் பழைய பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்குபவர், உங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வந்து, உட்காரச் சொன்ன நாற்காலியைச் சுவரோடு சேர்த்து நேராகப் போட்டுவிட்டு அப்புறம் உட்காருபவர், பேசிக்கொண்டே உங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நீங்கள் கண் தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கும்போதே திரும்ப மாட்டிவிடுபவர் எல்லாரும் ஒரே குடும்பம். கெட்டவர்களா? இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவர்களாக இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

ஏன் தொட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மூன்றே பதில்தான் வரும். "நான் ஒண்ணும் பண்ணலையே." அடுத்தது, "சும்மா இப்படி எடுத்து வச்சேன்." கடைசியில், கொஞ்சம் மனம் நொந்த குரலில், "பார்த்துட்டு எப்படி சும்மா இருக்கிறது?" இந்த வரிசை மாறவே மாறாது. மாறினால் சரிசெய்துவிட மாட்டார்களா?

இந்த இனத்தில் சில்லறை ஆசாமிகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. உச்சியில் இருக்கும் ஒருவரைப் பார்த்தால் போதும். அவர் முப்பத்துநாலு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மேட்ரன். அவர் விரித்த படுக்கைக்குள் நுழைய நோயாளிக்கு இரண்டு பேர் உதவி வேண்டும்; விரிப்பு அவ்வளவு இறுக்கம். டாக்டர் சொல்லும் நேரத்துக்கு இறங்காத காய்ச்சல்கூட மேட்ரன் சுற்றி வரும் நேரத்துக்கு இறங்கிவிடும் என்று வார்டில் பேச்சு. ஓய்வு பெற்றபின் வார்டு போய்விட்டது. பழக்கம் எங்கே போகும்? வீட்டுக்கு வந்துவிட்டது.

வீட்டில் அவருக்கு வாய்த்த ஒரே நோயாளி அவருடைய தங்கை. தங்கைக்கு நோய் ஒன்றும் இல்லை. கணவர் இறந்தபின் இரண்டு சூட்கேஸோடு அக்கா வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. வந்த அன்றே சூட்கேஸ் இரண்டையும் மேட்ரன் காலி செய்து, உடுப்புகளை நிறவாரியாக அடுக்கி, கடிதக் கட்டை நூல் மாற்றிக் கட்டி, இறந்துபோனவரின் போட்டோவைச் சுவரில் மட்டம் பார்த்து மாட்டிவிட்டார். அன்றிலிருந்து தங்கை எதைத் தேடினாலும் அது சரியான இடத்தில் இருக்கும். அவருக்குத்தான் கிடைக்காது.

பொறுமைசாலிகளுக்கு ஒரு நாள் ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும். தங்கைக்கு ஓவியம் பிடித்தது. பக்கத்துத் தெரு நூலகத்தின் மாடியில் டிராயிங் மாஸ்டர் ஒருவர் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தினார். முதல் மூன்று மாதம் பென்சில், அப்புறம் வர்ணம். போன மாதம் மாஸ்டர் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை நூலக ஹாலில் கண்காட்சி, ஆளுக்கு ஒரு படம், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும், ஐந்து அடித்தால் கதவு சாத்தப்படும். தங்கை தம் அறுபத்தோரு வயதில் எத்தனையோ செய்திருக்கிறார்: சமைத்தார், தைத்தார், படுக்கையில் கிடந்த கணவரை ஏழு வருடம் பார்த்துக்கொண்டார். அவர் செய்த எதையும் யாரும் ஒரு சுவரில் மாட்டியதில்லை. இதை மாட்டப்போகிறார்கள்.

பின்னறையில், வடக்கு ஜன்னல் ஓரமாக, மேஜை போட்டார். மேஜைமேல் மண்ஜாடி, ஜாடியில் சிவப்பு டாலியாவும் மஞ்சள் ரோஜாவும், ஜாடிக்குக் கீழே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பழைய திரைச்சீலை. பூக்களைச் செருகப் பத்து நிமிடம் ஆனது. துணியைப் போட ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. உதறிப் போட்டார், எடுத்தார், சுருட்டிப் போட்டார், எடுத்தார். பதினோராவது தடவை அது மேஜையின் விளிம்பிலிருந்து தானாகவே தரைக்கு வழிந்து, நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளத்தில் நிழல் போய் உட்கார்ந்துகொண்டது. வந்து பார்த்த மாஸ்டர், "இது பக்கத்துல யாரும் தும்மக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். வாடிய பூவை அதே மாதிரிப் பூவால் மாற்றி மாற்றி, மூன்று வாரமாகத் தங்கை வரைந்துகொண்டிருந்தார்.

மேட்ரனுக்கு அறைக்குள் நுழைய அனுமதி இல்லை. அவர் வாசற்படியில் நின்று விசாரிப்பார்.

"அதுக்குப் பேரு என்ன சொன்னே?"

"ஸ்டில் லைஃப், அக்கா. அசையாத பொருள்களை வரையறது."

"அசையாத பொருளை வரைய மூணு வாரமா? அசையற பொருளா இருந்தா உன்னால முடியாது போல."

வியாழக்கிழமை காலை தங்கை கண் பரிசோதனைக்குப் போனார். பின்னறை ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. அதைச் சாத்தத்தான் மேட்ரன் உள்ளே போனார். இதை எந்த நீதிமன்றத்திலும் சொல்வார், உண்மையும்கூட. ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது மேஜை கண்ணில் பட்டது. உங்களுக்கும் எனக்கும் அது பூவும் துணியும். மேட்ரனின் கண்ணுக்கு அது பதினாலாம் நம்பர் படுக்கை. நோயாளி எழுந்துபோய், யாரும் இன்னும் வந்து பார்க்காத படுக்கை. பூக்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன, மேஜையெல்லாம் இதழ், ஜாடித் தண்ணீரில் வாடை, துணியோ ஒரு நுனி தரையில் புரண்டுகொண்டிருந்தது. தரையில். அவர் ஒரு நிமிடம் நின்றார் என்பதை அவருக்குச் சாதகமாகச் சொல்லவேண்டும். இரண்டாவது நிமிடம் துணி இஸ்திரி மேஜைக்குப் போய்விட்டது.

ஒன்பதே நிமிடம். துணி, நாலு மூலையும் ஒரே அளவு தொங்கும்படி, இறுக்கிய மடிப்போடு மேஜையில் படிந்தது. பூக்கள் காம்பு நறுக்கப்பட்டு, புதுத் தண்ணீரில், உயரமானவை பின்னால், குட்டையானவை முன்னால், பள்ளிக்கூடக் குரூப் போட்டோ மாதிரி நின்றன. உதிர்ந்த இதழ்கள் குப்பைத்தொட்டியில். மேட்ரன் தூரத்தில் நின்று பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு, கதவைச் சாத்தினார்.

தங்கை திரும்பி வந்து அறைக்குள் போனார்.

"அக்கா."

"தண்ணி நாத்தம் வந்துடுச்சு. நீ கவனிக்கல. மாத்திட்டேன்."

"துணி எங்க?"

"கண்ணு டெஸ்ட் பண்ணிட்டுத்தானே வர்றே? இதோ இருக்கே."

"இது துணியா? ஆபரேஷன் டேபிள் மாதிரி இருக்கு."

"நான் ஒண்ணும் பண்ணலையே. சும்மா இப்படி எடுத்து…"

"மூணு வாரமா அந்தச் சுருக்கத்தைத்தான் வரையறேன், அக்கா."

மேட்ரனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "சுருக்கத்தை யாராவது வரைவாங்களா? எடுத்துட்டு வரைய வேண்டியதுதானே."

அன்று தங்கை தாம் சாப்பிட்ட தட்டைக் கழுவி, நீர் சொட்டச் சொட்ட, மேட்ரன் அடுக்கியிருந்த தட்டுகளின்மேல் கோணலாக வைத்துவிட்டுப் போனார். அந்த வீட்டில் அது போர்ப் பிரகடனம்.

மேட்ரன் மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. தப்பு நடந்தால் அதற்கு மேல் ஒரு வேலை செய்து ஈடுகட்டுவது அவர் வழக்கம். வெள்ளிக்கிழமை காலை தங்கை கடைசியாக ஒரு ட்யூப் வெள்ளை வர்ணம் வாங்கக் கடைக்குப் போனதும், துணியைப் பழையபடி கசக்கி வைத்துவிடுவது என்று முடிவு செய்தார். படம் இருக்கிறது, அதைப் பார்த்து அப்படியே செய்தால் முடிந்தது. நோயாளியின் சார்ட்டைப் பார்த்து மருந்து கொடுக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய காரியமா?

பெரிய காரியம்தான். கசக்கினால் சுருக்கம் ஒரே அளவில் விழுந்தது. உதறிப் போட்டார், துணி காற்றில் இருக்கும்போதே அவருடைய இடது கை போய் நீவிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு போட்டார். திறந்து பார்த்தால் நாலு மூலையும் மேஜைக்குச் சரியாக இருந்தன. முப்பத்துநாலு வருடம் ஒரு துணிக்கு உத்தரவு போட்டவர், இப்போது உன் இஷ்டப்படி விழு என்றால் துணிக்கே நம்பிக்கை வரவில்லை. கடைசியில் சார்ட்டைக் கவனமாகப் படிக்கலாம் என்று படத்துக்கு அருகே போனார். அப்போதுதான் அதை முதல் தடவையாகப் பார்த்தார். துணியின் நிழலில் பச்சை இருந்தது. கத்தரிப்பூ நிறத் துணியில் ஏது பச்சை? மேஜை ஒரு பக்கம் ஏறி நின்றது. ரோஜாவுக்கு இதழ்களே இல்லை, கத்தியால் அப்பிய மஞ்சள் மட்டும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய டாலியாவிலிருந்து சிவப்பு வர்ணம் ஒழுகி, துணிமேல் இறங்கி, படத்தின் அடி விளிம்பு வரைக்கும் வந்து காய்ந்திருந்தது.

ஒழுகியிருக்கிறது. பாவம், அவள் கவனிக்கவில்லை.

சிவப்பாக ஒன்று ஒழுகுவதைப் பார்த்தால் ஒரு நர்ஸின் கை என்ன செய்யும் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பஞ்சு வந்தது. ஸ்பிரிட் பாட்டில் வந்தது. நடுவிலிருந்து வெளியே, ஒரு பஞ்சால் ஒரே இழுப்பு, துடைத்த இடத்தில் அதே பஞ்சு மறுபடி படக்கூடாது; புண் துடைக்கும் முறை அட்சரம் பிசகாமல் நடந்தது. தங்கை பூசியிருந்த அந்த ரக வர்ணம் காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது, ஸ்பிரிட்டுக்கு அசையும். இது மேட்ரனுக்குத் தெரியாது. முதல் பஞ்சு சிவப்பாக வந்தது, எதிர்பார்த்ததுதான். மூன்றாவது ஊதாவாக வந்தது. ஐந்தாவதில் பச்சையும் மஞ்சளும். ஏழாவது பஞ்சு சுத்தமாக வந்தது. துணியின் நடுவே, டாலியாவின் பாதியையும் சேர்த்துக்கொண்டு, வெள்ளைக் கேன்வாஸ் தெரிந்தது.

மேட்ரன் உட்கார்ந்தார். பகலில் அவர் உட்கார்ந்து அந்த வீட்டு நாற்காலிகள் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். வார்டில் அவர் இளம் நர்ஸ்களுக்குக் கற்பித்த முதல் பாடம் இது: மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டால் மூடி மறைக்காதே, நீயே சரிசெய்யப் பார்க்காதே, உடனே வந்து சொல். தங்கை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போய் எதிரே நின்றார்.

"உன் படத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. நான்தான் பண்ணேன். ஸ்பிரிட் வச்சுத் துடைச்சிட்டேன். மூணு அங்குல அகலம், எட்டு அங்குல நீளம்."

தங்கை போய்ப் பார்த்தார். அழவில்லை. அழுதிருந்தால் மேட்ரனுக்கு ஒரு வேலை இருந்திருக்கும்.

"ஒழுகியிருந்துச்சு," என்றார் மேட்ரன்.

"ஒழுகல, அக்கா. ஒழுக விட்டேன்."

"எதுக்கு?"

"அந்தப் பூ அப்படித்தான் இருந்துச்சு."

"பூ எங்கேயாவது ஒழுகுமா?"

"அவரைப் பார்த்துக்கிட்ட ஏழு வருஷமும் எல்லாத்தையும் ஒழுகாம துடைச்சுத் துடைச்சு வச்சேன். ஒண்ணையாவது ஒழுக விடலாம்னு இருந்துச்சு. போதுமா?"

மேட்ரன் இதற்கு என்ன சொல்வது என்று பார்த்தார். அவருடைய மூன்று பதில்களில் எதுவும் பொருந்தவில்லை.

"நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள முடியுமா?"

"தெரியல."

"நான் என்ன செய்யணும், சொல்லு. எது வேணாலும் செய்யறேன்."

"ஒண்ணும் செய்யக்கூடாது."

"ஒண்ணும் செய்யாம எப்படி இருக்கிறது?"

"அதைத்தான் செய்யணும்." தங்கை ஒரு முக்காலியை இழுத்து மேஜைக்குப் பக்கத்தில் போட்டார். "இங்க உட்காரு. ரெண்டு கையும் மடியில. நீ வேற ரூம்ல இருந்தா அங்க என்ன எடுத்து வைக்கிறேன்னு என் காது அங்கேயே போகும். என் கண்ணு முன்னாடி இரு."

பிறகு இஸ்திரி போட்ட துணியை இரண்டு கையாலும் வாரி எடுத்து, கோபம் தீர ஒரே ஒரு தடவை மேஜைமேல் வீசினார். அது எப்படியோ விழுந்தது. அதன்மேல் ஜாடியை வைத்தார். வெள்ளையான இடத்தில் பிரஷ் வைத்தார்.

வெள்ளி மதியம் மூன்று மணி நேரம், சனி காலையிலிருந்து மறுபடி. மேட்ரன் இரட்டை ஷிப்ட் பார்த்தவர், தொற்று வார்டில் இருபது நாள் வீட்டுக்குப் போகாமல் இருந்தவர். அந்த முக்காலி அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. ஒரு இதழ் உதிர்ந்தது, விரல் துடித்தது. தங்கையின் பிரஷிலிருந்து தரையில் ஒரு சொட்டு விழுந்தது, இன்னொன்று விழுந்தது, மூன்றாவது சொட்டு முதல் இரண்டுக்கும் நேர்கோட்டில் விழாமல் அரை அங்குலம் தள்ளி விழுந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். தம் காலத்தில் எத்தனை பேரை "அசையாதீங்க" என்று படுக்கவைத்திருக்கிறோம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஜன்னல் பாதி திறந்திருக்கட்டும் என்று தினமும் கெஞ்சிய ஒரு கிழவர் ஞாபகம் வந்தார். தினமும் அதை முழுசாகத் திறந்து கொக்கி போட்டவர் மேட்ரன். அது காற்றோட்டத்துக்காகச் செய்தது என்று, அந்த நினைப்பையும் ஓரமாக மடித்து வைத்தார்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் துணி நகர ஆரம்பித்தது. வீசிய துணி, ஒரு பக்கம் பாரம் அதிகம். அங்குலம் அங்குலமாக விளிம்பை நோக்கி வழிந்தது.

"விழப்போகுது," என்றார் மேட்ரன், உதடு அசையாமல்.

"விழட்டும்."

"ஜாடியையும் இழுத்துக்கிட்டு விழும்."

"சரி."

"என்னடி சரி?"

"அக்கா, கை."

கை மடிக்குத் திரும்பியது. மூன்றரைக்கு ஜாடி சாய்ந்தது. உடையவில்லை, மேஜையிலேயே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. பூக்கள் சரிந்து விளிம்பில் தொங்கின. தண்ணீர் துணியின் பள்ளத்தில் தேங்கி, மடிப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நுனிக்கு வந்து, மேட்ரனின் மடியில் சொட்ட ஆரம்பித்தது. பூத்தண்ணீர். அவர் அசையவில்லை. தங்கை, படத்தில் நிமிர்ந்து நின்ற ஜாடியின்மேலேயே சாய்ந்த ஜாடியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டு, அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக அவருடைய வாய் ஓரம் கோணியது.

"நனையுதா?"

"கொஞ்சம்."

"இன்னும் முக்கால் மணி நேரம்."

"சரி," என்றார் மேட்ரன்.

படம் நாலே முக்காலுக்கு ஈரத்தோடு நூலகம் போய்ச் சேர்ந்தது. தூக்கிக்கொண்டு போனவர் மேட்ரன். வழியில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் ஸ்ட்ரெச்சருக்கு வழி விடச் சொல்லும் குரலில் விலக்கிக்கொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை அது சுவரில் இருந்தது. இருபத்தாறு படங்களில் அது ஒன்று. கவிழ்ந்த ஜாடி, சரிந்த பூக்கள், வழியும் துணி, அதன்மேல் டாலியாவிலிருந்து இறங்கும் சிவப்பு, இந்தத் தடவை விளிம்பையும் தாண்டிச் சட்டத்தின்மேல் ஒரு சொட்டு. நன்றாக இருந்ததா? மேட்ரனைக் கேட்டால், அந்தத் துணி மானக்கேடு என்பார். ஆனால் காலை பத்திலிருந்து அந்தப் படத்தின் பக்கத்தை விட்டு அவர் நகரவில்லை. தங்கையோ ஹாலின் மறுகோடியில் டிராயிங் மாஸ்டரோடு பேசிக்கொண்டு, அவ்வப்போது இந்தச் சுவரை, யாரோ வரைந்த படத்தைப் பார்ப்பதுபோல, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு ஒரு கனவான் வந்தார். படத்துக்கு முன் நின்றார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். சட்டத்தின்மேல் இருந்த அந்தச் சொட்டைப் பார்த்தார். முகத்தில் இரக்கம் வந்தது. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நுனியை நாக்கில் தொட்டு ஈரப்படுத்திக்கொண்டு, கையை நீட்டினார்.

மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். நாடி பார்க்கும் பிடி. ஆனால் நாடி பார்ப்பதற்காகப் பிடித்தது அல்ல.

"கையை எடுங்க."

"இல்லம்மா, கொஞ்சம் ஒழுகியிருக்கு. வரைஞ்சவங்க கவனிக்கல போல."

"கவனிச்சுத்தான் விட்டிருக்கு."

"நான் ஒண்ணும் பண்ணலையே," என்றார் கனவான். "சும்மா இப்படி…"

"தெரியும்," என்றார் மேட்ரன். "அடுத்தது என்ன சொல்வீங்கன்னும் தெரியும். போய் அடுத்த படத்தைப் பாருங்க. கை ரெண்டும் பின்னால."

அவர் போய்விட்டார். பெயர் யாரும் கேட்கவில்லை. நடுத்தர உயரம், நல்ல மாதிரி, படித்த முகம். இந்த மாதிரிப் புத்தகங்களையெல்லாம் வாங்கிப் படிப்பவர்போல இருந்தது. கைக்குட்டை மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது: நாலாக மடித்து, ஓரத்தோடு ஓரம் பொருந்தி, அளவெடுத்த மாதிரி. உங்களுடையது எப்படி மடித்திருக்கிறது? வேண்டாம், இப்போது வெளியே எடுத்துப் பார்க்காதீர்கள். திரும்ப வைக்கும்போது நேராக மடித்துத்தான் வைப்பீர்கள்.